வளையம் இல்லாத துணுக்கு

தி.நகர்,
9.9.1996

டாக்டர் வேதாந்தம் அவர்களுக்கு,

தங்கம் எழுதுகிறேன். உங்கள் மயிலாப்பூர் லேபில் பதினோரு வருஷம் சதைத் துணுக்குகளை வெட்டி, சாயம் ஏற்றி, ஸ்லைடு ஸ்லைடாக உங்கள் மேஜையில் அடுக்கிய அதே தங்கம். போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். மூன்று தடவை ஆயிற்று. கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழித்தால் இன்னொன்று எழுதுவேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. 1993 ஆகஸ்டில் என் கணவர் ராஜரத்தினத்தின் புராஸ்டேட் சுரப்பியிலிருந்து ஊசியால் எடுத்த துணுக்குகளை மெழுகில் பதித்து வைத்தோமே, அந்தப் பிளாக். எண் 412.

நினைவிருக்கிறதா? புற்றுநோய் என்று ஒரே வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். அவருக்கு முதுகுவலியும் இருந்தது. பத்தொன்பது வயதிலிருந்து ஜவுளிக்கடையில் துணி மூட்டை தூக்கியவருக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும்? ஆனால் உங்கள் வரியைப் படித்த சர்ஜன், நோய் எலும்புக்கும் போய்விட்டது என்றார். உயிர் பிழைக்க வேண்டுமானால் இரண்டு விதைகளையும் எடுத்துவிட வேண்டும் என்றார். எடுத்தார்கள். அப்போது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது.

அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குள்ளும் சட்டையைக் கழற்றுவதில்லை. மார்பு வீங்கிவிட்டது. திடீர் திடீரென்று உடம்பெல்லாம் வேர்க்கிறது. கடையில் இரண்டு பேர் எதையோ சொல்லிச் சிரித்தார்கள். அன்றோடு வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், அதே பேப்பரை மத்தியானம் மறுபடி படிக்கிறார். இதில் என் வயிறு எரிவது எதற்குத் தெரியுமா? ஒவ்வொரு தீபாவளிக்கும் முதல் வேட்டி உங்களுக்குத்தான் எடுக்கிறார். "அந்த டாக்டர் கண்டுபிடிக்கலன்னா நான் எப்பமோ போயிருப்பேன், தங்கம்" என்பார்.

நான் இப்போது அடையாறில் டாக்டர் ஷம்ஷாத்திடம் வேலை பார்க்கிறேன். போன மாதம் அவர் என் கணவரின் எலும்புப் படங்களைப் பார்த்தார். நோய் எலும்பைத் தொட்ட அடையாளமே இல்லை என்றார். "பழைய ஸ்லைடில் என்ன இருந்தது?" என்று கேட்டார். அதைத்தான் நானும் உங்களிடம் கேட்கிறேன்.

இங்கே கெரட்டின் சாயம் போடுகிறோம். நல்ல சுரப்பியைச் சுற்றி வேலி மாதிரி ஒரு வரிசைச் செல் இருக்கும். இந்தச் சாயம் அந்த வேலியைப் பழுப்பு வளையமாகக் காட்டும். புற்றுநோய் என்றால் வளையம் இருக்காது. இதை வாங்கலாமா என்று 1993-லேயே உங்களிடம் கேட்டேன். "என் கண்ணை விடவா உன் சாயம் பெருசு? போய் வேலையைப் பாரு" என்றீர்கள். போனேன்.

பிளாக்கைக் கொடுங்கள்.

தங்கம்


மயிலாப்பூர்,
16.9.1996

தங்கத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ என்னிடம் வேலை பார்த்தவள் என்பதால் மட்டும் பதில் எழுதுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு மேல் பிளாக்குகளை வைத்துக்கொள்ள இங்கே இடம் இல்லை என்பது உனக்கே தெரியும். போன கோடையில் பழைய பெட்டிகளை எல்லாம் எறிந்தாயிற்று. 412-ம் அதில் போயிருக்கும். ஸ்லைடு ஒன்றை அப்போதே உன்னிடம் கொடுத்ததாக நினைவு. இருந்தால் யாரிடம் வேண்டுமானாலும் காட்டிக்கொள்.

முப்பது வருஷமாக மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்திருக்கிறேன். உன் கணவரின் ஸ்லைடில் இருந்தது புற்றுநோய்தான். இன்று காட்டினாலும் அதையேதான் எழுதுவேன். நோய் பரவவில்லை என்றால் சிகிச்சை பலித்திருக்கிறது என்று அர்த்தம். உயிரோடு இருக்கிறவரைப் பார்த்து இவர் ஏன் சாகவில்லை என்று கேட்கிற மனைவியை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

ராஜரத்தினம் நல்ல மனிதர். அவர் அனுப்பும் வேட்டியைத்தான் பெருமாள் கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போகிறேன். அவர் மனதைக் கலைக்காதே. வீட்டில் ஜானு உன்னை விசாரித்தாள். "தங்கம் எப்படி இருக்காளாம், ஒருநாள் ஆத்துக்கு வரச் சொல்லுங்கோ" என்றாள். இந்த மாதிரிக் கடிதம் எழுதுகிறவளை எப்படிக் கூப்பிடுவது?

வேதாந்தம்


தி.நகர்,
7.10.1996

டாக்டர் வேதாந்தம் அவர்களுக்கு,

யாரிடம் வேண்டுமானாலும் காட்டிக்கொள் என்று எழுதினீர்கள். காட்டிவிட்டேன்.

ஒரே ஒரு ஸ்லைடு. பீரோவில் அவருடைய ஆபரேஷன் காகிதங்களோடு இருந்தது. முதலில் டாக்டர் ஷம்ஷாத் அதை மூலைக்கு மூலை படம் எடுத்தார். பிறகு நான் மேல்கண்ணாடியை ஊறவைத்துக் கழற்றி, மூன்று வருஷத்துப் பழைய சாயத்தைக் கழுவி எடுத்தேன். புதுச் சாயம் ஏற, பிரஷர் குக்கரில் வைத்துக் கொதிக்கவிட வேண்டும். அதில்தான் பயம். கொதியில் சதை கண்ணாடியை விட்டுப் பெயர்ந்து போனால் முடிந்தது, என் கையில் வேறு துண்டு கிடையாது. குக்கர் அடங்கும் வரை அதன் பக்கத்திலேயே நின்றேன். மூடியைத் திறந்தபோது எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது.

கெரட்டின் போட்டேன். சுரப்பி சுரப்பியாகப் பார்த்தோம். எல்லாவற்றிலும் பழுப்பு வளையம். வயதானால் சுருங்கும் சாதாரணச் சுரப்பிகள். ஆனால் ஸ்லைடின் ஓரத்தில், மற்றதிலிருந்து தள்ளி, எள் அளவுக்கு ஒரு துணுக்கு கிடந்தது. அதில் வளையம் இல்லை. ஒரு சுரப்பியில்கூட இல்லை.

அந்த ஒரு மணி நேரம் நீங்கள்தான் ஜெயித்தீர்கள், டாக்டர். நீங்கள் பார்த்தது புற்றுநோய்தான். ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். அப்போது டாக்டர் ஷம்ஷாத், "இந்தத் துணுக்கு ஏன் தனியாகக் கிடக்கிறது? உங்கள் கணவருக்கு என்ன ரத்தப் பிரிவு?" என்று கேட்டார்.

அவருக்கு ஓ.

ரத்தப் பிரிவைச் சதையிலேயே காட்டும் சாயம் உண்டு. ரத்த நாளங்களின் உள்சுவரில் ஏறும். அதே ஸ்லைடில், நம் ஊரில் ஓ-வுக்கு அடுத்து பி-தான் அதிகம் என்பதால், பழுப்புக்கு மேலேயே பி பிரிவுக்கான சாயத்தைச் சிவப்பாக ஏற்றினேன். வளையம் உள்ள சுரப்பிகளுக்கு நடுவே ஓடும் நாளங்களில் சிவப்பு ஏறவில்லை. அது என் கணவர். வளையம் இல்லாத அந்தத் துணுக்கில் மட்டும் நாளங்கள் குங்குமச் சிவப்பாக நிற்கின்றன. அது வேறு ஒரு மனிதன். பி பிரிவு ரத்தம் ஓடுகிற யாரோ ஒருவனுடைய புற்றுநோயைப் பார்த்துவிட்டு, அதை என் கணவர் தலையில் கட்டியிருக்கிறீர்கள்.

ஒரு சாயம் மட்டும் போட்டிருந்தால் நீங்கள் சரி. இரண்டையும் ஒன்றாகப் போட்டதால் உங்கள் முகத்திரை கிழிந்தது. படங்களை இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஊரில் உள்ள பெத்தாலஜி டாக்டர்கள் எல்லாம் ஜனவரி முதல் சனிக்கிழமை ஸ்லைடு கூட்டத்துக்கு வருவார்கள். டாக்டர் ஷம்ஷாத்தின் முறை அப்போதுதான் வருகிறது. இந்தப் படங்களைத் திரையில் போடப் போகிறார். பக்கத்திலேயே உங்கள் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டும் இருக்கும். வழக்கமாக முன்வரிசையில்தானே உட்காருவீர்கள்? அங்கேயே உட்காருங்கள்.

தங்கம்


மயிலாப்பூர்,
14.10.1996

தங்கம்,

படங்களைப் பார்த்தேன். ஒரு பேச்சுக்கு நீ சொல்வது சரி என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தவன் துணுக்கு உன் கணவர் ஸ்லைடில் எப்படி ஏறும்? மெழுகுச் சீவல்களை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்துகிறோம். ஒரு பிளாக் முடிந்ததும் தண்ணீரின் மேல் காகிதத்தை இழுத்து, மிதக்கும் தூசு துரும்பையெல்லாம் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் முந்தினவனுடைய துணுக்கு அடுத்தவன் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். லேபில் சேர்ந்த முதல் நாள் இதைத்தான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

412-ஐ வெட்டியது யார்? வேறு யாரையும் தொடவிட மாட்டேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்து வெட்டியது யார்? கண்ணாடியில் இருந்ததை நான் சரியாகத்தான் படித்தேன். தப்பானதை ஏற்றியது உன் கை.

கூட்டத்தில் படம் போடு. முன்வரிசையிலேயே உட்காருகிறேன். நான் எழுந்து கேட்கப்போகும் முதல் கேள்வி இதுதான். அதற்கு முன்னால் தி.நகருக்கு வந்து ராஜரத்தினத்திடம் நானே சொல்கிறேன், யார் வெட்டியது என்று. அவரிடம் நீ சொல்லியிருக்க மாட்டாய்.

வேதாந்தம்


தி.நகர்,
21.10.1996

டாக்டர் அவர்களுக்கு,

ஆமாம், நான்தான் வெட்டினேன். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சமைக்கவில்லை. அவரிடம் தலைவலி என்றேன். நீங்கள் எழுதியது சரி, அவரிடம் சொல்லவில்லை.

ஆனால் அந்தக் காலையை நானும் ஒன்று விடாமல் நினைத்துப் பார்த்தேன். பதினோரு வருஷத்தில் தொட்டியைத் துடைக்காமல் நான் அடுத்த பிளாக்கைத் தொட்டதே கிடையாது. அன்று மட்டும் ஏன் துடைக்கவில்லை? நீங்கள் என் முதுகுக்குப் பின்னால் நின்றீர்கள். வெட்டும் அறைக்குள் ஒருநாளும் வராதவர், எட்டரை மணிக்கே வந்து நின்று, "411 முதல்ல, சீக்கிரம், எனக்கு உடனே வேணும்" என்றீர்கள். கண்ணாடியில் ஏந்தியதும் ஈரம் சொட்டச் சொட்ட என் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினீர்கள். "அடுத்தது உங்காத்துக்காரரோடதுதானே, அதையும் போடு, நிக்காதே" என்றீர்கள். காகிதம் என் இடது கையில் இருந்தது. கீழே வைத்தேன். வைத்தது என் தப்பு. அதை எந்தச் சாயத்தாலும் மறைக்க மாட்டேன்.

அந்த 411 யார், டாக்டர்?

உங்கள் அட்டெண்டர் அக்பர் பாஷாவிடம் கேட்டேன். அவன் மேல் பாயாதீர்கள், கெஞ்சி வாங்கினேன். "பழைய ரிஜிஸ்டரு இங்கதான் கீதுக்கா, இன்னா நம்பரு சொல்லு" என்று அந்தப் பக்கத்தை எழுதிக் கொடுத்தான். கே.ராமானுஜம், 57 வயது. புராஸ்டேட் ஊசித் துணுக்கு. புற்றுநோய் இல்லை என்று உங்கள் கையெழுத்து. விலாசம் இல்லை, போன் இல்லை, அனுப்பிய டாக்டர் பெயர்கூட இல்லை. "இந்த ஆளு வந்து நான் பாத்ததே இல்லக்கா, ஐயாவே டப்பாவ எடுத்தாந்தாரு" என்கிறான்.

அன்று சாயங்காலம் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தீர்கள். எதற்கு என்று கேட்டதற்குச் சும்மாதான் என்றீர்கள். என் கணவருக்குப் புற்றுநோய் என்று எழுதிய கையாலேயே எனக்கும் ஒரு துண்டு கொடுத்தீர்கள். உங்கள் மனம் நோகக்கூடாது என்று தின்றேன். 

உங்களுக்கு வேண்டியவர்தான் அந்த ராமானுஜம். அது மட்டும் தெரிகிறது. அவருடைய நோய் என் கணவர் கண்ணாடிக்குப் போய்விட்டது. மிச்சத்தைப் பார்த்து நீங்கள் அவரை நல்லபடியாக அனுப்பிவிட்டீர்கள். மூன்று வருஷமாக அந்த மனிதர் உள்ளே நோயை வைத்துக்கொண்டு நடமாடுகிறார். அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. கண்டுபிடித்துச் சொல்லுங்கள். நவம்பர் முடிவதற்குள் சொல்லாவிட்டால், ராமானுஜம் என்ற பெயரும் வயதும் லேபின் பெயரும் போட்டுப் பத்திரிகையில் விளம்பரம் கொடுப்பேன். உங்கள் பெயரைக் காப்பாற்ற இன்னொருவனைச் சாகவிடுவீர்கள் என்றால், கூட்டத்தில் மட்டும் அல்ல, தெருவிலும் உங்களை விடமாட்டேன்.

இந்தத் தீபாவளிக்கும் உங்களுக்கு வேட்டி எடுத்தாயிற்று. மயில்கண் கரை. அவர் கடையில் நின்று இரண்டு மணி நேரம் பார்த்து எடுத்தார். நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

தங்கம்


மயிலாப்பூர்,
2.12.1996

தங்கத்துக்கு,

விளம்பரம் கொடுக்க வேண்டாம். ராமானுஜத்தைத் தேட வேண்டாம்.

அந்தப் பெயரில் யாரும் இல்லை. 411 நான்தான்.

எனக்கு அப்போது மூத்திரத்தில் ரத்தம் போயிற்று. நண்பர் ஒருவரிடம் போய் ரகசியமாகத் துணுக்கு எடுத்துக்கொண்டேன். என் லேபில் என் பெயரே ரிஜிஸ்டரில் ஏறுவதா, நீயும் அக்பர் பாஷாவும் என் புராஸ்டேட்டைப் பற்றிப் பேசுவதா என்று கூசியது. வேறு டாக்டரிடம் கொடுக்கவும் மனம் வரவில்லை. என் கண்ணைத் தவிர யார் கண்ணையும் நான் நம்பியதில்லை. ஒரு பெயரை எழுதி, நானே கொண்டுவந்து, நானே படித்து, நானே கையெழுத்துப் போட்டேன். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்திலேயே அடுத்த ஸ்லைடை எடுத்தேன். ஓரத்தில் கிடந்த துணுக்கு ஏன் தனியாகக் கிடக்கிறது என்று வேறு எந்த நாளிலும் கேட்டிருப்பேன். அன்று கேட்கவில்லை.

என் ரத்தம் பி.

புரட்டாசியிலிருந்து இடது இடுப்பு வலிக்கிறது. மாடிப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஜானுவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. "இடுப்பைப் பிடிச்சுண்டே நடக்கறேளே, யாரையாவது பாருங்கோளேன்" என்கிறாள். உன் கடிதம் வந்த பிறகு ஆறு வாரம் என் இடுப்பைத் தொட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை.

புதிதாகத் துணுக்கு எடுத்துக்கொள்ளப் போகிறேன். உன்னிடம் அனுப்பட்டுமா? நீ வெட்ட வேண்டும். இரண்டு சாயமும் நீதான் போட வேண்டும். இதைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை என்று தெரியும். கேட்கிறேன்.

வேதாந்தம்


தி.நகர்,
6.12.1996

டாக்டர் அவர்களுக்கு,

கடிதத்தைப் பஸ்ஸில் பிரித்தேன். படித்துவிட்டுச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தாள். சிரித்ததற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன். மூன்று வருஷமாக நான் மார்பு வேர்வையைத் துடைத்துவிட்டது உங்கள் நோய்க்கு. சர்ஜன் வெட்டி எறிந்தது உங்கள் நோய்க்கு. என் வீட்டு ஆம்பிளை ஜன்னலோரம் உட்கார்ந்தது, நீங்கள் கோயிலுக்குப் புது வேட்டி கட்டிக்கொண்டு போவதற்கு.

போட்டுத் தருகிறேன். மூன்று நிபந்தனை.

உங்கள் சொந்தப் பெயரில் அனுப்ப வேண்டும். வேதாந்தம், வயது அறுபது, மயிலாப்பூர் விலாசம், எல்லாம் முழுசாக. எங்கள் ரிஜிஸ்டரில் அந்தப் பெயர் ஏறாமல் டப்பாவைத் திறக்க மாட்டேன். அட்டெண்டர் வரை எல்லோரும் படிக்கட்டும்.

ஜனவரிக் கூட்டத்தில் படத்தை டாக்டர் ஷம்ஷாத் போட மாட்டார். நீங்கள் போடுவீர்கள். 411 யார் என்பதையும் நீங்கள்தான் சொல்வீர்கள்.

அதற்கு முன் என் வீட்டுக்கு வந்து, அவரிடம், உங்கள் வாயால் சொல்ல வேண்டும். அவருக்குப் புற்றுநோய் இருந்ததே இல்லை என்று. துணுக்கை வெட்டியது நான் என்றும் சொல்லுங்கள். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து அதை விழுங்கிவிடாதீர்கள். உங்களிடம் எந்தத் தயவும் எனக்கு வேண்டாம்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அவர் பேப்பர் படித்து முடித்திருப்பார்.

தங்கம்


மயிலாப்பூர்,
16.12.1996

தங்கத்துக்கு,

உன் வீட்டுக்குள் நடந்தது உனக்குத் தெரியும். "அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லையா சார்?" என்று அவர் கேட்டதும், பிறகு உன் பக்கம் திரும்பிப் பார்த்ததும், எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன. நீ பார்க்காததை எழுதுகிறேன்.

கேட் வரைக்கும் என்னோடு இறங்கி வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். ஆட்டோ வந்து நின்றபோது, "சார், நாலு தீபாவளிக்கு நாலு வேட்டி தந்திருக்கேன். அந்த நாலையும் திருப்பித் தந்துருங்க" என்றார். 

துவைத்து, மடித்து, அக்பர் பாஷாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். மயில்கண் வேட்டியை இன்னும் பிரிக்கவே இல்லை. எதற்கு என்று ஜானு கேட்டாள். உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. "அவா முகத்துல இனிமே எப்படி முழிப்பேன்" என்று மட்டும் கேட்டாள்.

வியாழக்கிழமை துணுக்கு எடுத்தார்கள். ஆறு இடத்தில். என் பெயரில் உன்னிடம் வரும். கூட்டத்தில் நானே பேசுகிறேன்.

வேதாந்தம்


தி.நகர்,
10.1.1997

டாக்டர் வேதாந்தம் அவர்களுக்கு,

ரிப்போர்ட்டை டாக்டர் ஷம்ஷாத் தனியாக அனுப்புவார். நான் பார்த்ததை நான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

தொட்டித் தண்ணீரை முழுக்க மாற்றினேன். உங்கள் பிளாக்குக்கு முன்னால் ஒரு தடவை காகிதம் இழுத்தேன், ஒவ்வொரு சீவலுக்குப் பிறகும் இழுத்தேன். அன்று வேறு யாருடைய பிளாக்கையும் தொடவில்லை. முதலில் சாதாரணச் சாயம், பிறகு கெரட்டின், அதன் மேல் ரத்தப் பிரிவு. நாளங்கள் எல்லாம் சிவப்பு. நீங்கள்தான், சந்தேகமே இல்லை.

ஆறு துண்டு. இதைத்தானே மூன்று வருஷமாக, என் கணவருக்கு வந்தது வேறு எவனுக்காவது வந்திருக்கக்கூடாதா என்று சாபம் விட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் கண்ணாடியை மைக்ராஸ்கோப்பில் வைத்ததும் ஒவ்வொரு சுரப்பியிலும் வளையத்தைத்தான் தேடினேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை தேடினேன். உங்களுக்காக அல்ல. தங்கம் கை மறுபடி தப்பு செய்தது என்று யாரும் சொல்லக்கூடாது. ஒரு துண்டில் மட்டும் ஓரமாக இரண்டு வளையம் இருந்தது. மற்ற ஐந்திலும் ஒன்றுகூட இல்லை. எலும்புப் படத்தையும் உடனே எடுக்கச் சொல்கிறார் டாக்டர் ஷம்ஷாத்.

கூட்டத்தில் நீங்கள் பேசியதை டாக்டர் ஷம்ஷாத் சொன்னார். முன்வரிசை நாற்காலியைக் காலியாக விட்டிருந்தார்களாம்.

இனி என் வீட்டுக் கதை. நீங்கள் வந்து போன நாளிலிருந்து அவர் என்னிடம் பேசவில்லை. சண்டையும் இல்லை. தட்டைத் தானே எடுத்துக்கொண்டு, தானே போட்டுச் சாப்பிட்டு, தானே கழுவி வைத்தார். நான் போட்ட சோற்றைத் தொடவில்லை. வேட்டிகள் வந்த அன்று நாலையும் பிரித்துக் கரையைத் தடவிப் பார்த்து பீரோவில் வைத்தார். இருபத்தாறு நாள் இப்படியே போயிற்று.  வெட்டியது நான்தானே.

இன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது உங்கள் ஸ்லைடைப் பற்றிச் சொன்னேன். ஐந்து துண்டிலும் வளையம் இல்லை என்றேன். கையில் எடுத்த சோற்றைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மயில்கண் வேட்டியைத்தான் கட்டியிருந்தார்.

"எனக்கு எடுத்ததை அவருக்கும் எடுப்பாங்களா?" என்று கேட்டார்.

"எடுப்பாங்க" என்றேன்.

சாப்பிட ஆரம்பித்தார். முடித்ததும் எழுந்திருக்கவில்லை. தட்டை என் பக்கம் நகர்த்தி, "இன்னும் கொஞ்சம் போடு" என்றார். போட்டேன்.

தங்கம்